கட்டிடத் தூசியும் காற்று வடிப்பானும்

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மும்பை நகரின் காற்று பல நாட்கள் தொடர்ந்து கெட்டிருந்தது. கடலோர நகரமாதலால் கடற்காற்றே தூசியை வாரிச் சென்றுவிடும் என்று நம்பியிருந்த நகரவாசிகள், எதிர்ப்புறத்துக் கட்டிடங்கள் மங்கலாகத் தெரிவதைக் கண்டு கவலை கொண்டனர். அம்மாதம் 25-ஆம் தேதி மும்பை மாநகராட்சி, கட்டிட வேலைத் தலங்களுக்கென ஒரு விதித் தொகுப்பை வெளியிட்டது. மனையின் பரப்புக்கேற்ப 25 அடி அல்லது 35 அடி உயரத்திற்குத் தகரத் தடுப்பு எழுப்ப வேண்டும். எழும்பும் கட்டிடத்தைச் சாக்கினாலோ துணியினாலோ போர்த்த வேண்டும். அறுத்தல், துளைத்தல், தேய்த்தல் முதலிய வேலைகளை மறைவான இடத்தில் நீர் தெளித்துக்கொண்டே செய்ய வேண்டும். வெளியேறும் லாரிகளின் சக்கரங்களைக் கழுவ வேண்டும். தொழிலாளர் யாவரும் முகமூடியும் கண்ணாடியும் தலைக்கவசமும் அணிய வேண்டும் என்பன அவ்விதிகளுள் சில. அம்மாத இறுதியில் பம்பாய் உயர்நீதிமன்றமும் இவ்விஷயத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு, 2024 டிசம்பர் 30-ஆம் தேதி, பைகுல்லா, போரிவிலி கிழக்கு ஆகிய இரு பகுதிகளிலும் கட்டிட வேலைகள் அனைத்தையும் நிறுத்திவைக்கும்படி மாநகராட்சி உத்தரவிட நேர்ந்தது.

வேலியின் உயரத்தை அடிக்கோலால் அளந்துவிடலாம். முகமூடியை அவ்வாறு அளக்க இயலாது. முகமூடி என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் மருத்துவமனையில் அணியும் மெல்லிய மூடியும், கிண்ணம் போன்ற மலிவான காகித மூடியும், என்-95 எனப்படும் வகையும், இரு பக்கமும் வடிப்பான் பொருத்திய இரப்பர் முகவுறையும் ஒருங்கே அடங்கிவிடுகின்றன. தோளில் கிடந்த துண்டை மூக்கைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்ட கொத்தனாரும் தாம் முகமூடி அணிந்திருப்பதாகவே கருதுகிறார். எதை வாங்குவது, யாருக்கு எதை அணிவிப்பது என்ற வினா இறுதியில் தலப் பணியாளரிடமே வந்து நிற்கிறது.

தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் மூன்று பகுதிகளில் இவ்வினா இன்று வீட்டு வாசலுக்கே வந்துள்ளது. 1898-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு நிறுவனம் வகுத்துக் கொடுத்த மாட்டுங்கா மனைகளில் எழுந்த மூன்று மாடி, நான்கு மாடி வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வானளாவிய கட்டிடங்கள் எழும்புகின்றன. செம்பூரில் திலக் நகர் போன்ற வீட்டு வசதிக் குடியிருப்புகளும் அவ்வாறே புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. தாராவியிலோ சுமார் 600 ஏக்கர் பரப்பை உட்கொண்ட மறுசீரமைப்புத் திட்டத்துக்கு 2022-இல் ஏலம் முடிந்தது. கட்டுவதற்கு முன் இடிக்க வேண்டும். தூசியைப் பொறுத்தவரை இடிப்பதே கட்டுவதினும் கொடிது.

எந்தத் தூசி?

வடிப்பானைத் தேர்ந்தெடுக்கப் புகுமுன் தூசியை அறிந்துகொள்ளுதல் வேண்டும். கண்ணில் விழுந்து உறுத்துவதும், தும்மலை வருவிப்பதும், சட்டையில் வெள்ளையாகப் படிவதும் பெருந்துகள்களாகும். அவை மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் சிக்கி வெளியேறிவிடுகின்றன. அபாயமானது கண்ணுக்குப் புலனாகாத துகளேயாம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். பத்து மைக்ரானுக்குக் கீழ்ப்பட்டவை மூச்சுக் குழாயைத் தாண்டுகின்றன. நான்கு மைக்ரானுக்கும் சிறியவை நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள காற்றறைகளைச் சென்றடைகின்றன.

இத்துகள்கள் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூறு மைக்ரான் பருமனுள்ள மணல் துகள் ஆள் மூக்கு உயரத்திலிருந்து இரண்டு மூன்று விநாடிகளில் தரையை அடைந்துவிடும். ஒரு மைக்ரான் பருமனுள்ள துகளுக்கு, காற்று அசையாதிருக்கும் அறையில்கூட, அதே உயரத்தைக் கடக்க நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆகவே கல் அறுக்கும் இயந்திரம் நின்றவுடன் தூசி அடங்கிவிட்டதென்று எண்ணி முகமூடியைக் கழற்றும் தொழிலாளி, அபாயமானவை மட்டும் எஞ்சியுள்ள காற்றையே முகமூடியின்றிச் சுவாசிக்கிறார்.

பருமனுக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது தூசியின் தன்மை. மணல், கருங்கல், செங்கல், கான்கிரீட் ஆகியவற்றிலெல்லாம் படிகச் சிலிக்கா அடங்கியுள்ளது. கான்கிரீட்டிலும் சாந்திலும் நூற்றுக்கு 25 முதல் 70 பங்கு வரையிலும், ஓடு வகைகளில் 30 முதல் 45 வரையிலும், கருங்கல்லில் சுமாராக 30-ம், செங்கல்லில் 30 வரையிலும் அது இருக்கலாம். சலவைக்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் 2 பங்குக்கு மேல் இராது. புதிய உயர்மாடி வீடுகளின் சமையலறை மேடைக்கென இப்போது விரும்பப்படும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளிலோ 90 பங்குக்கும் மேற்பட்டுச் சிலிக்கா இருப்பதுண்டு. இப்பலகைகளை அறுத்த இளைஞர்கள் சில ஆண்டுகளுக்குள்ளேயே நோயுற்றதைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அவற்றைத் தடை செய்துவிட்டது.

காற்றறைகளில் தங்கிய சிலிக்காத் துகளை உடலின் காவல் அணுக்கள் விழுங்க முயன்று தாமே அழிகின்றன. அழிந்த இடத்தில் தழும்பு வளர்கிறது. மென்மையான நுரையீரல் சிறிது சிறிதாக இறுகிப்போகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைத் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. வேலையை விட்டு நின்ற பின்னரும் நோய் முன்னேறக்கூடும். காசநோய் பற்றுவதற்கு இது வழி திறந்துவிடுகிறது. இருமலும் இளைப்பும் இரண்டுக்கும் பொதுவாதலால் ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடுவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1997-இல் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது.

இந்நோய் நமக்குப் புதிதன்று. இந்தியாவில் இதைப் பற்றிய முதல் விரிவான ஆய்வு 1940-களில் கோலார் தங்க வயலில் நிகழ்ந்தது. அங்கே பூமிக்கடியில் பாறையைத் துளைத்தவர்களுள் தமிழ் பேசும் தொழிலாளரே மிகப் பலர். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 1930-ஆம் ஆண்டு தொடங்கிய ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கவழி வேலையில், நீரின்றி உலர்வாகவே பாறையைத் துளைத்தமையால், நூற்றுக்கணக்கான தொழிலாளர் சில ஆண்டுகளில் மாண்டனர். சுரங்கத்தையும் தங்க வயலையும் நினைக்கும்போது எழும் அச்சம், நம் தெருவில் ஒருவர் ஓடு அறுக்கும்போது எழுவதில்லை. எழும் துகளோ ஒன்றேதான்.

வேலைத் தலத்தின் வாயிலில் மாட்டப்படும் காற்றுத்தரக் கருவியைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. அது காற்றிலுள்ள நுண்துகள்களின் மொத்த அளவைக் காட்டும். அவற்றுள் சிலிக்கா எவ்வளவு என்று காட்டாது. பலகையில் எண் குறைவாகத் தோன்றுவதால், பத்தடி தள்ளிக் குனிந்து கல் அறுப்பவரின் மூக்கருகே காற்று நன்றாயிருக்கிறது என்று கொள்ளலாகாது.

வடிப்பான் சல்லடை அன்று

மணல் சலிக்கும் சல்லடையைக் கண்டு பழகிய நாம், காற்று வடிப்பானும் அப்படியே வேலை செய்கிறதென எண்ணுகிறோம். துகளைவிடச் சிறிய துளையிருந்தால் துகள் நின்றுவிடும் என்பது நம் எண்ணம். அத்தகைய துளையுள்ள துணி வழியே மூச்சு விடவே முடியாது. உண்மையில் நல்ல முகமூடியின் இழைகளுக்கு இடையேயுள்ள வெளி, அது பிடிக்கும் துகளைப்போல் பன்மடங்கு பெரியது. பின் எவ்வாறு பிடிக்கிறது?

காற்று இழைகளைச் சுற்றி வளைந்து வளைந்து செல்கிறது. கனமான துகள், வேகமாக ஓடிவந்தவன் தெருமுனையில் திரும்ப முடியாமல் சுவரில் மோதிக்கொள்வதைப் போல, இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிக நுண்ணிய துகள் காற்று மூலக்கூறுகளால் இங்குமங்கும் தள்ளுண்டு நிலையின்றி அலைவதால், அதுவும் ஏதேனும் ஓர் இழையைத் தொட்டுச் சிக்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட துகளே வடிப்பானை ஏமாற்றுவது. மோதுவதற்கு வேண்டிய கனமும் அதற்கில்லை. அலைவதற்கு வேண்டிய நொய்மையும் இல்லை. ஏறத்தாழ 0.3 மைக்ரான் பருமனே இந்த இடைநிலை. வடிப்பான்களை அந்த அளவை ஒட்டிய உப்புத் துகள்களைக் கொண்டு சோதிப்பதற்குக் காரணம் இதுவே. அதைப் பிடிக்க வல்லது பெரியதையும் சிறியதையும் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

இக்கால முகமூடிகளில் மற்றோர் உபாயமும் உள்ளது. அவற்றின் செயற்கை இழைகளில் மின்னேற்றம் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதைப் போல் இவ்விழைகள் துகளைத் தம்பால் இழுக்கின்றன. எனவேதான் மெல்லிய முகமூடி மூச்சுக்கு எளிதாகவும் இருந்து தூசியையும் பிடிக்கிறது. ஆனால் சோப்பு நீரில் கழுவினாலும், சாராயத்தில் துடைத்தாலும் அந்த மின்னேற்றம் குன்றிப்போகிறது. தோற்றத்தில் ஒரு மாற்றமும் இராது. மாலையில் முகமூடியைச் சட்டையோடு அலசிக் கொடியில் உலர்த்தி மறுநாள் அணிபவர், வேலை செய்யாத கருவி ஒன்றையே அணிகிறார். சுத்தத்தின்பால் கொண்ட பற்றே இங்கே கேடாக முடிகிறது.

முகமூடிகளின் தரத்தைக் குறிக்க இரு வகைக் குறியீடுகள் நம் கடைகளில் காணப்படுகின்றன. அமெரிக்க முறையில் என்-95, என்-99, என்-100 என்பன, நிமிஷத்துக்கு 85 லிட்டர் காற்று செல்லும் சோதனையில் முறையே நூற்றுக்கு 95, 99, 99.97 பங்கு துகளைத் தடுப்பவை. நம் நாட்டின் 9473-ஆம் எண் தர நிர்ணயம் எஃப்.எஃப்.பி.-1, எஃப்.எஃப்.பி.-2, எஃப்.எஃப்.பி.-3 என வகுக்கிறது. இவை முறையே 80, 94, 99 பங்கு தடுக்க வேண்டும். சிலிக்காத் தூசிக்கு முதல் வகை போதாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தர எண்ணும் முகமூடியின் மீதே அச்சிடப்பட்டிருக்க வேண்டும்; பெட்டியின் மீது மட்டும் இருப்பது சான்றாகாது. துண்டு, கைக்குட்டை, மருத்துவமனை மூடி ஆகியவை இக்குறியீடுகளுள் எதிலும் அடங்கா.

சுவாச சாதனங்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தை நாடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் இடையே சயானில், மத்திய அரசின் மத்தியத் தொழிலாளர் நிலையம் உள்ளது. 1959-இல் பணி தொடங்கி, 1966-இல் தன் சொந்தக் கட்டிடத்துக்கு வந்த நிலையம் இது. தொழிலகப் பாதுகாப்பு, தொழிற்சுகாதாரம் ஆகியவற்றில் பயிற்சியும் ஆராய்ச்சியும் அங்கே நடைபெறுகின்றன.

பத்தில் ஒரு பங்கு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எண் பெரியதாக உள்ள முகமூடியை வாங்கிவிட்டால் பாதுகாப்பும் அந்த அளவுக்குப் பெருகிவிடும் என்று பலரும் கருதுகின்றனர். ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும்.

எட்டு மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் நுண்ணிய சிலிக்கா 50 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது 2016-இல் அமெரிக்கா விதித்த வரம்பு. மூடிய அறையொன்றில் நீரின்றிக் கான்கிரீட் அறுப்பதால் அது 2000 மைக்ரோகிராமாக இருக்கிறதென வைத்துக்கொள்வோம். அதாவது வரம்பைப் போல் 40 மடங்கு. மூக்கையும் வாயையும் மட்டும் மூடும் அரை முகமூடி, ஒழுங்காகப் பொருந்தியிருந்தால், உள்ளே வரும் தூசியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்பது அந்நாட்டு விதிகள் கொள்ளும் அளவு. ஆகவே முகமூடிக்குள் 200 மைக்ரோகிராம். இன்னும் வரம்பைப் போல் நான்கு மடங்கு! என்-95-க்குப் பதிலாக என்-100 அணிந்தாலும் அவ்விதிகளின்படி இந்தப் பத்தில் ஒரு பங்கு மாறுவதில்லை. (பிரிட்டனில் எஃப்.எஃப்.பி.-3 வகைக்கு மட்டும் இருபதில் ஒரு பங்கு என்று கொள்கின்றனர்.) ஏன் மாறுவதில்லை? வடிப்பான் வழியாக வருவதைவிட முகமூடியின் விளிம்புக்கும் முகத்துக்கும் இடையேயுள்ள இடுக்கு வழியாக வருவதே பெரும்பாலும் மிகுதி. இடுக்கை அடைக்காமல் வடிப்பானின் தரத்தை உயர்த்துவது, ஏரிக்கரையில் விழுந்த உடைப்பை விட்டுவிட்டு மற்ற இடங்களில் கரையை உயர்த்துவதற்கு ஒப்பாகும்.

இப்போது அதே இயந்திரத்தின் அறுக்கும் தட்டில் சிறு குழாய் வழியே நீர் விழும்படி செய்வோம். நிமிஷத்துக்கு அரை லிட்டர் நீரே போதும்; எழும் தூசியில் பத்தில் ஒன்பது பங்கு வரை அங்கேயே சேறாகி விழுந்துவிடும். அறையில் 200 மைக்ரோகிராம் எஞ்சும். இதனுடன் அரை முகமூடியும் அணிந்தால் உள்ளே செல்வது 20. வரம்புக்குள் வந்துவிட்டோம். விலையுயர்ந்த முகமூடி சாதிக்காததை ஒரு குழாயும் ஒரு வாளி நீரும் சாதித்தன. நீர் ஆகாத வேலைகளுக்கு, இயந்திரத்தோடு இணைத்துத் தூசியை உறிஞ்சும் சாதனங்கள் உள்ளன. அவற்றின் வடிப்பான் ஹெப்பா வகையாக, அதாவது 0.3 மைக்ரான் துகளில் நூற்றுக்கு 99.97 பங்கு பிடிப்பதாக இருத்தல் வேண்டும். வீட்டு உபயோகத்துக்குரிய சாதாரண உறிஞ்சி பெருந்துகளைப் பையில் பிடித்துக்கொண்டு, நுண்துகளைப் பின்புறமாக அறைக்குள்ளேயே திருப்பி ஊதிவிடும்.

வானத்தை நோக்கி நீர்த்திவலைகளைப் பீச்சும் பீரங்கி போன்ற இயந்திரங்கள் இப்போது பெரிய வேலைத் தலங்களில் நிறுத்தப்பட்டுள்ளன. அவை காட்சிக்குச் சிறப்பானவை. தரையிலும் இடிபாட்டுக் குவியலிலும் நனைவு ஏற்படுத்துவதால் பயனும் உண்டு. ஆயினும் ஏற்கெனவே பரவிவிட்ட ஒரு மைக்ரான் துகள், பெரிய நீர்த்துளியைச் சுற்றி ஓடும் காற்றோடு தானும் வழுக்கிச் சென்றுவிடுகிறது. தூசியை அது பிறக்கும் இடத்திலேயே நனைப்பதற்கு இது ஈடாகாது.

வேலை முடிந்தபின் துடைப்பத்தால் உலர்ந்த தரையைப் பெருக்கும் சித்தாளை நாம் மறந்துவிடுகிறோம். படிந்த நுண்தூசி முழுவதையும் மீண்டும் மூக்கு உயரத்துக்கு எழுப்புவது அந்த வேலையே. பெரும்பாலும் பெண்களே இதைச் செய்கின்றனர். இயந்திரம் ஓட்டுபவருக்குக் கொடுத்த முகமூடி அவர்களுக்குக் கொடுக்கப்படுவது அரிது. தரையை முதலில் நனைத்துவிட்டுப் பெருக்குவதற்கு ஒரு செலவும் இல்லை.

முகத்தோடு பொருந்துதல்

முகமூடியை அணிந்தவர் இரு கைகளாலும் அதை மூடிக்கொண்டு பலமாக மூச்சை வெளியே விட வேண்டும். கண்ணருகே காற்று வீசுவது தெரிந்தால் மூக்கின் மேலுள்ள உலோகப் பட்டையைச் சரியாக அழுத்த வேண்டும். கன்னத்தருகே தெரிந்தால் நாடாக்களை இழுத்து அமைக்க வேண்டும். மூச்சுவிடும் வால்வு உள்ள வகையானால் மூச்சை உள்ளே இழுத்துப் பார்க்கலாம். முகமூடி சற்றே உட்குழிய வேண்டும். ஒரு நிமிஷம்கூட ஆகாத இச்சோதனையை ஒவ்வொரு முறை அணியும்போதும் செய்தல் அவசியம். காதில் மாட்டும் வளையங்களைவிட, ஒன்று உச்சந்தலையிலும் மற்றொன்று பிடரியிலும் செல்லும் இரு நாடாக்கள் உள்ளவை நன்கு பொருந்தும். நாடாக்கள் உறுத்துகின்றன என்று ஒன்றை அறுத்துவிடுவோரும் உளர்.

தாடி உள்ளவருக்கு எந்த அரை முகமூடியும் சரியாகப் பொருந்தாது. இரண்டு நாள் வளர்ந்த முள்மயிரே போதும், இடுக்கு உண்டாவதற்கு. சமய ஒழுக்கம் பற்றித் தாடி வைத்திருப்பவரிடம் அதை மழிக்கச் சொல்வது முறையன்று. மின்கலத்தால் இயங்கும் விசிறி, வடித்த காற்றைத் தலைமூடிக்குள் செலுத்தும் சாதனம் அவருக்கு உகந்தது. அது விலை மிகுந்தது. அதை வாங்க இயலாத தலத்தில், அவரைத் தூசி மிகுந்த வேலையில் அமர்த்தாதிருப்பதே நேர்மையான வழி. பெண்களுக்கும் ஒடுங்கிய முகமுள்ளவருக்கும் சிறிய அளவு முகமூடி தேவை. மொத்தமாக ஒரே அளவில் வாங்கிக் குவிப்பது கணக்கெழுதுபவருக்கு வசதியாக இருக்கலாம். அணிபவரின் முகத்துக்கு அவ்வசதி பொருந்துவதில்லை.

மும்பையின் புழுக்கத்தில் இதை நாள் முழுதும் அணிந்திருப்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வியர்வையில் நனைந்து ஒட்டும், பேச வேண்டும், வெற்றிலை புகையிலை மெல்பவருக்கு அடிக்கடி துப்ப வேண்டும். எட்டு மணி நேரம் முகமூடி அணியச் சொல்வதைவிட, தூசி எழும் வேலைகளை இரண்டு மணி நேரத்துக்குள் சேர்த்து அமைத்து, அந்த நேரத்தில் ஒரு கணமும் கழற்றாதிருக்கச் செய்வது நடைமுறைக்கு ஏற்றது என்பது எம் கருத்து. வடிப்பானில் தூசி நிறைய நிறைய மூச்சு கனக்கும். அப்போது காற்று விளிம்பு இடுக்குகளை இன்னும் மிகுதியாக நாடும். மூச்சு கனத்தாலும், முகமூடி நனைந்தாலும், உருக்குலைந்தாலும் உடனே மாற்ற வேண்டும்.

வடிப்பான் உதவாத இடங்கள்

பழைய கொட்டகைகளையும் குடிசைகளையும் இடிக்கும்போது கல்நார்ச் சிமெண்டுத் தகடுகள் எதிர்ப்படும். இவற்றின் தூசி சிலிக்காவினும் கொடியது. தகட்டை உடைக்காமல், நனைத்துக் கழற்றி, மூடிக் கட்டி அகற்ற வேண்டும்; அங்கே எஃப்.எஃப்.பி.-3 அல்லது அதற்கு நிகரான வடிப்பான் பொருத்திய இரப்பர் முகவுறையே தகும். அத்தகைய வேலையை அதற்கெனப் பயிற்சி பெற்றவரிடம் விடுவது நல்லது.

தூசி முகமூடி, ஆவியையும் வாயுவையும் தடுக்காது. வர்ணம் பூசும்போது எழும் ஆவிக்குச் செயலூட்டிய கரி நிறைந்த வடிப்பான் வேறாக உள்ளது. சாக்கடைக் குழியிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்குவோரை எந்த வடிப்பானும் காக்காது. அங்கே பிராணவாயுவே குறைவு, நச்சுவாயுவும் தேங்கியிருக்கும். வடிப்பான் காற்றைச் சுத்தம் செய்யுமே அன்றிக் காற்றை உண்டாக்காது. என்-95 அணிந்திருக்கிறோம் என்ற தைரியத்தில் குழிக்குள் எட்டிப் பார்ப்பதும் ஆபத்து.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் விளக்க விரும்பினால் விலையுயர்ந்த கருவி ஏதும் தேவையில்லை. அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி ஜான் டிண்டால் 1870-ஆம் ஆண்டை ஒட்டி, இருண்ட அறையில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சிக் காற்றில் மிதக்கும் தூசியைக் கண்ணுக்குக் காட்டினார். பஞ்சின் வழியே மூச்சை இழுத்துவிட்டால் வெளிவிடும் காற்றில் தூசி இல்லாதிருப்பதையும் அவ்வொளியிலேயே காட்டினார். நாமும் சன்னல்களை அடைத்து, ஒரு சிறு துளை வழியே வெயிலை உள்ளே விடலாம். அல்லது கைவிளக்கொன்றைப் பயன்படுத்தலாம். கரும்பலகை துடைக்கும் கட்டையை ஒளிக்கற்றையின் கீழே ஒருமுறை தட்டுக. (சிமெண்டையோ செங்கல் பொடியையோ இதற்குப் பயன்படுத்தலாகாது.) பெருந்துகள்கள் மின்னிக்கொண்டே கீழிறங்குவதை மாணவர் காண்பர். பிறகு எதையும் அசைக்காமல், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கற்றையை நோக்கி, அதில் இன்னும் மிதப்பவற்றைக் குறித்துவரச் சொல்லலாம். பாடவேளை முடிந்து மணி அடிக்கும்போதும் கற்றை மறையாமல் நிற்பதைக் காணலாம்.